சதுக்கத்தில் ஒரு நல்ல இடம்

சதுக்கத்தில் இடமில்லாமல் இல்லை. பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் ரொஸ்லீனுக்கு வேண்டியிருந்தது தேவாலய வாசலுக்கு நேர் எதிரே, அம்மா வீட்டுச் சந்து திரும்புகிற முனையில் இருக்கும் அந்த ஒரு இடம். காலையில் அம்மாவை இடுப்பு வலியோடு நடத்திக் கூட்டிவர வேண்டும், கூடவே இரண்டு பெட்டிகள். அந்த இடத்தில் ஒரு நீல வண்டி நின்றது. பக்கத்தில் ஒருவர் கோட்டுப் பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தார். ரொஸ்லீன் கண்ணாடியை இறக்கினாள்.

"கிளம்புறீங்களா?"

"கிளம்பித்தானே ஆகணும்," என்றார் அவர். "வேணும்னா எடுத்துக்குங்க. உங்க பாடு."

இந்த மொன்ட்ரொசாக் ஊர் ஆட்களின் சிடுசிடுப்பு அவளுக்குப் புதிதில்லை. அவர் போனதும் ஒரே வெட்டில் வண்டியை உள்ளே நுழைத்தாள். இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது இன்னும் இரண்டு வண்டிகள் சதுக்கத்தை விட்டுப் போவது கண்ணாடியில் தெரிந்தது. சாயங்காலம் இருட்டுவதற்குள் ஊர் காலியாகிறது என்று நினைத்துக்கொண்டாள். வரும் வழியில் செருப்புக் கடை மூடிக் கிடந்ததையும் பார்த்திருந்தாள். இந்தச் சாவு பிடித்த ஊரில் எண்பத்து நான்கு வயது மனுஷியைத் தனியாக விட்டுவைக்கக் கூடாது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூடிக் கிடக்கிற ஒவ்வொரு கடையும் அவள் பக்கம் பேசியது. அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, வெட்கமில்லாமல்.

கம்பத்தில் ஒரு பலகை இருந்தது. அவள் அதைப் படிக்கவில்லை. பிறந்து வளர்ந்த ஊரில் பலகை படிப்பது சுற்றுலா வந்தவர்கள் வேலை. அந்த நீல வண்டிக்காரரிடம், "இங்க வண்டி விடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். கேட்டால் வெளியூர்க்காரி ஆகிவிடுவாளே! முப்பது வருடமாக ஓர்லேயோன் நகரத்தில் குடியிருந்தாலும், மொன்ட்ரொசாக்கில் போய் ஒருவரிடம் அதைக் கேட்பதை விட அவள் நாக்கைக் கடித்துத் துப்பிவிடுவாள்.

கேட்கக் கூடாது என்றா இந்த நாட்டில் வழக்கம்? அதுவும் இல்லை. இவர்களுக்கு வாயைத் திறந்தால் வருகிற முதல் கேள்வியே அதுதான். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் சௌக்கியமா என்று கேட்பதெல்லாம் பிறகு. கதவு திறந்த உடனே, கன்னத்தில் முத்தம் முடிவதற்கு முன்னால், "இடம் கெடச்சுதா?" அடுத்தது, "எங்க நிக்கிற?" வண்டியை எங்கே நிறுத்தினாய் என்று முழுசாகக் கேட்கக்கூட இவர்களுக்குப் பொறுமை கிடையாது. ரொஸ்லீனின் அப்பா செத்துக் கிடந்தபோது வந்த சித்தப்பாக்களும் மாமாக்களும் நடையில் நின்றுகொண்டு, காவல் நிலையத்துக்குப் பின்னால் நிழலில் இடம் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரொஸ்லீன் புருஷனை விட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு இந்த வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றும் அம்மா அதைத்தான் கேட்டாள். "பின்தெருவுல," என்று ரொஸ்லீன் சொன்னாள். "நல்லது," என்றாள் அம்மா. அந்தக் கல்யாணத்தைப் பற்றி இந்தக் குடும்பம் பேசியது அவ்வளவுதான். வாய் நிறையப் பேசுகிற ஜனம், பேச வேண்டியதை மட்டும் விட்டுவிடும்.

கதவைத் திறந்த அம்மா, ரெமோந்த், முடியைச் சுருட்டி அலங்காரம் செய்திருந்தாள். ஒரு கன்னத்தில் முத்தமிட்டாள்.

"இடம் கெடச்சுதா?"

"கெடச்சுது. சதுக்கத்துலயே."

மற்ற கன்னத்துக்குப் போன முகம் கொஞ்சம் நின்றது. பிறகு முத்தமிட்டாள். "கோட்டக் குடு," என்றாள்.

கூடத்தில் அம்மா கட்டிவைத்திருக்க வேண்டிய இரண்டு பெட்டிகளையும் காணோம். ரொஸ்லீனே மாடியில் தேடி இறக்கி, அம்மாவின் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இது வேண்டாம், அது எதற்கு என்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மாலை ஓர்லேயோன் ஆஸ்பத்திரியில் ஞாபக மறதிக்கான டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தது. அதை வாங்குவதற்குள் ரொஸ்லீனுக்கு விழி பிதுங்கிவிட்டது. தவறினால் அடுத்தது வசந்த காலத்தில்தான். டாக்டரைப் பார்த்துவிட்டு அம்மா அவளுடனேயே தங்கிவிடுவாள். தன் மகன் கனடாவுக்குப் போன பிறகு காலியாகக் கிடந்த அறைக்கு ரொஸ்லீன் தானே ஏணி போட்டு மஞ்சள் வர்ணம் அடித்திருந்தாள்.

"ஜன்னல்ல இருந்து பார்க் தெரியும்மா. லிப்ட் இருக்கு. உனக்கு ஒரு படி ஏற வேண்டாம்."

"பார்க்கலாம், பார்க்கலாம்," என்றாள் அம்மா.

ஆறு மாதமாகத் தொலைபேசியில் இதே பதில்தான். ரொஸ்லீன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். சின்ன வயதில் நாய்க்குட்டி வேண்டும் என்று அழுதபோதும் அம்மா பார்க்கலாம் என்றுதான் சொன்னாள். நாய்க்குட்டி வரவேயில்லை. அது இப்போது அவள் ஞாபகத்துக்கு வரவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குத் தம்பி லியொனெல் வந்தான். வெந்நீர்க் குழாய்களும் கொதிகலன்களும் பழுதுபார்க்கிற தொழில். வீடு பக்கத்து ஊரில். பெண்டாட்டி விட்டுப் போனதிலிருந்து தினமும் இருட்டுகிற நேரத்தில் வந்து அம்மா வீட்டு ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு, அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போவான். ஓசிச் சோற்றுக்கு வருகிறான் என்பது ரொஸ்லீனின் கணிப்பு.

"என்ன ரொஸ். எங்க நிக்கிற?" என்றான் முதல் ஜன்னலைச் சாத்திக்கொண்டே.

"சர்ச் எதிர்ல. வாசலுக்கு நேரா."

அவன் கை கொண்டியில் நின்றது. "சதுக்கத்துலயா?"

"பின்ன? சர்ச்சு நடந்து வேற எங்கயாவது போயிடுச்சா?"

லியொனெல் அம்மாவைப் பார்த்தான். அம்மா சூப் கரண்டியைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். "ஜன்னல மூடுடா. குளிர் உள்ள வருது," என்றாள்.

அவன் மூடினான். மூவரும் உட்கார்ந்தார்கள். அம்மா ரொஸ்லீனின் தட்டில் சூப்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அந்த முனையிலயா விட்டிருக்க? சந்து திரும்புற எடத்துல?"

"ஆமாம்மா. உனக்காகத்தான். ஒரு ஆளக் கிளப்பிவிட்டு அந்த எடத்தப் பிடிச்சேன். காலைல நீ நாலு எட்டு வச்சா வண்டி."

"நல்ல எடம்," என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல எடந்தான்," என்று மறுபடி சொன்னாள்.

லியொனெல் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டைச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். எதையோ மென்று முழுங்குகிறான் என்று பார்த்தாலே தெரியும். ரொஸ்லீனோ, அவன் நாளைய பயணத்தைப் பற்றித்தான் ஏதோ ஆரம்பிக்கப் போகிறான் என்று இடுப்பில் கை வைக்காத குறையாகக் காத்திருந்தாள்.

"அந்த டாக்டர் என்னதான் பண்ணுவாரு?" என்றான் கடைசியில். "படத்தக் காட்டி இது என்ன மிருகம்னு கேப்பாரா?"

"அதுவும் கேப்பாங்க."

"ஏம்மா, காண்டாமிருகம்னா தெரியுமா உனக்கு?"

"உங்கப்பாவோட நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன்," என்றாள் அம்மா. "தெரியும்."

லியொனெல் வாய்விட்டுச் சிரித்தான். ரொஸ்லீனுக்குத் தலைக்கேறியது.

"சிரி. நல்லா சிரி. கோடையில காஸ் அடுப்ப அணைக்காம விட்டாளே, அப்ப எங்க போயிருந்த? போன்ல என்னைப் போய் ஜினெத்துங்கறா. ஜினெத் பெரியம்மா செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு!"

"நீ பேசறது அப்படியே ஜினெத் மாதிரி இருக்கு, அதான்," என்றாள் அம்மா.

"நானும் தினம் சாவிய எங்க வச்சேன்னு தேடறேன்," என்றான் லியொனெல்.

"நீ குடிக்கிற குடிக்கு உன் தலைய எங்க வச்சன்னு தேடாம இருக்கியே, அது போதும்."

அவன் தட்டின் அடியில் மிஞ்சியிருந்த சூப்பில் சிவப்பு ஒயினைத் தாராளமாக ஊற்றி, தட்டை இரண்டு கையாலும் தூக்கி, அவளைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தான். அப்பாவும் அப்படித்தான் குடிப்பார். ஓர்லேயோனில் யாராவது இப்படிச் செய்தால் ரொஸ்லீன் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று தயங்கினான். "வண்டி அங்கயேவா இருக்கட்டும்?"

"ஏன், சதுக்கம் உன் பேர்ல இருக்கா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

"லியொனெல்," என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "நேரமாச்சு. போ."

அவன் போனான்.

காலையில் ரொஸ்லீன் எழுந்து வந்தபோது அம்மா கோட்டு, காலணி, கழுத்துத் துணி சகிதம் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். ரொஸ்லீனுக்கு மனசு நிறைந்துவிட்டது. பார், எவ்வளவு ஆசையாகக் கிளம்பி உட்கார்ந்திருக்கிறாள்! குனிந்து அம்மாவின் தலையில் முத்தமிட்டாள். "நான் வண்டிய வாசலுக்குக் கொண்டுவந்துடறேன், நீ அந்த நாலு எட்டுகூட நடக்க வேண்டாம்," என்றாள். "நிதானமாப் போயிட்டு வா," என்றாள் அம்மா.

சந்து முனைக்கு வருவதற்கு முன்பே கோழி வறுபடும் வாசனை வந்தது. விடிந்தும் விடியாமலும் இது என்ன என்று நினைத்தபடி திரும்பினாள். சதுக்கம் முழுக்கக் கூடாரங்கள். பாலாடைக் கட்டிக்காரன், துணிக்காரன், மண் ஒட்டின கீரைக் கட்டுகள், கத்தரிக்கோல் சாணை பிடிக்கிறவன். அவள் வண்டி நின்ற இடத்தில் ஒரு கோழி வண்டி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கோழிகள் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தன.

"இங்க ஒரு வெள்ளை வண்டி நின்னுச்சே!" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். இந்த நாட்டில் அது பெரிய மரியாதைக் குறைவு.

கோழிக்காரர் அதை அவளுக்காகச் சொன்னார். "வணக்கம், மேடம். நின்னுச்சு. நான் வந்தப்ப இழுத்துட்டுப் போகக் கொக்கி மாட்டிட்டிருந்தாங்க. மாசத்துக்கு ஒண்ணு இப்படி மாட்டும். பெரும்பாலும் சுற்றுலா வர்ற டச்சுக்காரங்க வண்டி."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை! சந்தை சனிக்கிழமை!"

"மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சே, மேடம். சனிக்கிழமைன்னா எல்லாரும் டவுன் சந்தைக்குப் போயிடறாங்க, இங்க ஈ ஓட்டிக்கிட்டு இருந்தோம். பலகையில பெருசாப் போட்டிருக்கு. மேடத்துக்கு எந்த ஊரு?"

"இந்த ஊர்தான்! இங்க பொறந்தவ நான்!"

கோழிக்காரர் ஒரு கம்பியைத் திருப்பிவிட்டு அவளைப் பார்த்தார். "இந்த ஊருன்னா யாராவது சொல்லியிருப்பாங்களே," என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் சொன்னார்.

அந்த நிமிஷமே லியொனெலைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சந்தை நடுவில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு, "வரேன், இரு," என்றான். அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிக்கும் பேசினாள். யாரும் எடுக்கவில்லை. வர முடியாமல் போகலாம், தயவுசெய்து கூப்பிடுங்கள் என்று தகவல் விட்டாள்.

இழுத்துப் போன வண்டிகளை வைக்கிற கொட்டடி ஊருக்கு வெளியே, ஒரு மெக்கானிக்கின் பின்கட்டில் இருந்தது. லியொனெலின் வேனில் குழாய்களும் பீப்பாய்களும் கடகடவென்று உருள, அவள் அதற்கு மேல் கத்தினாள்.

"தெரியுமில்ல உனக்கு? நேத்தே தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை! 'நாளைக்கு சந்தை'ன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? அம்மா போயிட்டா ஆக்கிப்போட ஆள் இல்லன்னு பயம் உனக்கு. வேற என்ன! அம்பது வயசுக்கு மேல ஆகியும் அவ முந்தானையப் பிடிச்சிட்டுத் திரியற. டாக்டரையும் கெடுத்த, பயணத்தையும் கெடுத்த. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான்டா பொறுப்பு!"

லியொனெல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். ஸ்டீரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நான் கேட்டேன். நீ முறைச்ச. சரி, நான் கோழை, ஒத்துக்கறேன். ஆனா அம்மாவும் அங்கதானே இருந்தா, ரொஸ்? அவளும்தானே கேட்டா? எந்த எடம், எந்த முனைன்னு துருவித் துருவிக் கேட்டாளே. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அவ என்னைப் பார்த்தா பாரு ஒரு பார்வை. ஏழு வயசுல அந்தப் பார்வைக்குப் பயந்தேன், இன்னிக்கும் பயப்படறேன். என்ன பண்ணச் சொல்ற?"

ரொஸ்லீனின் முகம் தெளிந்தது.

"அதத்தானே நான் ஆறு மாசமா சொல்றேன்! மறந்துட்டாடா! சந்தை மாறினது அவளுக்கு மறந்துபோச்சு. நாள், கிழமை ஒண்ணும் நிக்கல. இப்பவாவது புரியுதா உனக்கு?"

பெற்றவளுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று சொல்லும்போது அவள் குரலில் அப்படியொரு நிம்மதி. லியொனெல் முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தான்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சக்கரப் பைய இழுத்துக்கிட்டு அந்தச் சந்தைக்குப் போறா. அந்தக் கோழிக்காரன்கிட்ட ஒரு கோழி எடுத்துவைக்கச் சொல்லியிருக்கா. மழை பெஞ்சாலும் போவா. இடுப்பு ஒடஞ்சதுக்கு அப்பறம் ஆஸ்பத்திரிய விட்டு வந்த முதல் வாரமே போனா, நான்தான் கையப் பிடிச்சிட்டுப் போனேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் பேசறியே, உன்கிட்ட சொன்னதே இல்லயா?"

சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை வாங்கின கோழி, வெள்ளிக்கிழமை பார்த்த மருந்துக்கடைக்காரர் மனைவி, வெள்ளிக்கிழமை முள்ளங்கி என்ன விலை என்று வாரா வாரம் சொல்லியிருந்தாள். ரொஸ்லீன் தொலைபேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டிவிட்டு, துணி இஸ்திரி போட்டுக்கொண்டே, ம், ம் என்று சொல்லியிருந்தாள். இப்போது வேனில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா மறந்திருக்க வேண்டும், எப்படியாவது மறந்திருக்க வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் மன்றாடினாள். மறக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை அவளால் தாங்க முடியாது.

மெக்கானிக் எங்கோ சாலையில் நின்றுபோன லாரியை இழுக்கப் போயிருந்தான். நண்பகல் தாண்டித்தான் வந்தான். அங்கிருந்து ஓர்லேயோனுக்கு ஐந்து மணி நேரப் பாதை; டாக்டர், பயணம் எல்லாம் கை நழுவியாயிற்று. வண்டியை மீட்டுக்கொண்டு ஊருக்குள் வந்து, லியொனெல் கை காட்டிய இடத்தில், காவல் நிலையத்துக்குப் பின்னால் நிறுத்தினாள்.

வீட்டுக்குள் கோழி வாசனை. அம்மாவின் கோட்டு ஆணியில் தொங்கியது. கூடத்தில் பெட்டிகள் வைத்தது வைத்தபடி இருக்க, அவற்றுக்குப் பக்கத்தில் சக்கரப் பை ஈரச் சக்கரத்தோடு நின்றது. சமையலறை மேசையில் மூன்று தட்டுகள். நடுவில், காகிதத்தைப் பிரித்துவைத்த கோழி.

"உக்காருங்க. ஆறிடும்," என்றாள் ரெமோந்த்.

ரொஸ்லீன் நின்றாள். எதையும் கேட்கத் தேவையில்லாதபடி எல்லாம் மேசையிலேயே இருந்தது. ஆனாலும் கேட்டாள். "மறந்துட்டியாம்மா? இன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னு நேத்து உனக்கு ஞாபகம் வரல, அப்படித்தானே? காலைல எந்திரிச்சதுக்கு அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு. அப்படித்தானே?"

அந்தக் கிழவி ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். மகள் அழுது கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பாள், அவ்வளவு கெஞ்சல் இருந்தது அந்தக் கேள்வியில். ரெமோந்த் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இல்ல. மறக்கல."

"தெரிஞ்சும் ஏன்மா அத்தனை தடவை கேட்ட?"

"ஏன்மா கேக்குறன்னு நீ ஒரு தடவை திருப்பிக் கேப்பன்னு பார்த்தேன். நீ கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"சந்தையப் பத்தியா?"

"எல்லாத்தையும்."

லியொனெல் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வர இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே!" ரொஸ்லீனின் குரல் உடைந்தது. "மூணு நாளு ஏணியில நின்னு வர்ணம் அடிச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"ஆறு மாசமா பார்க்கலாம், பார்க்கலாம்னு சொன்னேனே. உன்கிட்ட வேற எப்படிச் சொல்றது? நீ கேக்கறதே பதில உன் கையிலயே வச்சிக்கிட்டுத்தான்." ரெமோந்த் சத்தம் போட்டுப் பேசவில்லை. "எனக்குத் தனியா இருக்கப் பயம் இல்ல, ரொஸ்லீன். பயம் உனக்குத்தான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? பிள்ளை போன அறையில என்னைக் கொண்டுபோய் உக்கார வச்சா உன் பயம் போயிடுமா?"

இதை யாராவது ஒரு நாள் சொல்வார்கள் என்று ரொஸ்லீன் பயந்துகொண்டிருந்தாள். அம்மா சொல்வாள் என்று நினைக்கவில்லை. முகமெல்லாம் எரிந்தது. தான் யாருக்கும் வேண்டாதவள் என்பது இவ்வளவு சாதாரணமாக, சாப்பாட்டு மேசையில், கோழிக்குப் பக்கத்தில் சொல்லப்படும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து செயலாளர் பெண். தகவல் கிடைத்தது, வேறு நாள் பார்ப்போம், ஆனால் வசந்த காலம் வரை இடமில்லை, நிலைமை எதுவும் மாறியிருக்கிறதா என்று கேட்டாள். மாறியிருந்தால் முன்னால் எடுக்க முடியும் என்றாள்.

ரொஸ்லீன் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாறியிருக்கு," என்றாள் ரொஸ்லீன். "ரொம்ப மோசமாயிட்டாங்க. நாள், கிழமை எதுவும் தெரியல. ஆமா. சந்தை நாள்கூட மறந்துட்டாங்க, சொந்த ஊர்ல. அதனாலதான் இன்னிக்கு வர முடியாமப் போச்சு."

"ரொஸ்!" லியொனெல் சுவரை விட்டு விலகி வந்தான். ரெமோந்த் கையை உயர்த்தினாள். அவன் நின்றான்.

"இல்லைங்க, தனியா விட முடியாத நிலைமைதான். நான் மகள். பக்கத்துல பொறுப்பா யாரும் இல்ல. ஆமா, அப்படியே எழுதிக்குங்க."

அந்தப் பெண் தட்டச்சு செய்யும் சத்தம் சமையலறையில் மூவருக்கும் கேட்டது. அவசரப் பட்டியலில் சேர்த்துவிட்டேன், அடுத்த வாரமே கூப்பிடுவார்கள், உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும் மேடம், தைரியமாக இருங்கள் என்றாள். ரொஸ்லீன் நன்றி சொன்னாள். தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். சொன்னதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றிக்கொண்டிருக்கும்போதே அம்மா பேசினாள்.

"இவ்வளவு நாளா வர வேண்டாம்னு தோணுச்சு. ஏன்னு எனக்கே சரியாத் தெரியல. பெத்த பொண்ணு, ஆசையாக் கூப்பிடறா, நமக்கு ஏன் மனசு வரலன்னு ராத்திரியெல்லாம் என்னையே திட்டிக்கிட்டுப் படுத்திருப்பேன்." ரெமோந்த் கத்தியை மறுபடி எடுத்தாள். "இப்பத் தெரிஞ்சுபோச்சு."

கோழியின் தொடையை அறுத்து லியொனெலின் தட்டில் வைத்தாள். இன்னொன்றை அறுத்து ரொஸ்லீனின் தட்டில் வைத்தாள். ரொஸ்லீன் அதைத் தொடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, அம்மாவின் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் புகுந்து, வெளியே போனாள். சந்தைக் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.